ஆறாவது கண்ணாடி

"தெரியுதா கண்ணு?" மூன்றாவது தடவை கேட்டுவிட்டார். என் இரண்டு கையும் ஈரம். வெயில் மறைக்க ஜன்னலில் ஒட்டுகிற பிலிமின் மேல் விளிம்பு கண்ணாடியில் உட்கார்ந்துவிட்டது, கீழ்ப்பாதி என் சட்டையில் ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. இந்த நேரத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டாலும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை, ஷாம்புத் தண்ணி காய்வதற்குள் வைப்பரை இழுத்து முடிக்க வேண்டும், மே மாத வெயிலில் அது ஐந்து நிமிஷம்கூடத் தாங்காது. இதுதான் என் சாக்கு. நல்ல சாக்குதான். ஆனால் எனக்கு இரண்டடி பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ரேணுகா அக்காவுக்கு அவசரமே இல்லை. அவர் காத்திருப்பார். கேள்வி சின்னதுதான். எதிர் பில்டிங் மொட்டை மாடியில், தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில், நீலச் சட்டை போட்டுக்கொண்டு அவர் பையன் ஆதவ் இருக்கிறானா இல்லையா. அந்த மொட்டை மாடியிலிருந்து விழுந்து அவன் செத்து எட்டு மாதம் ஆகிறது. பத்தாவது படித்துக்கொண்டிருந்தவன். இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பது அக்காவுக்கும் தெரியும், இருந்தாலும் கேட்கிறார், மழை வருமா என்று கேட்கிற மாதிரி கேட்கிறார், அழுதுகொண்டு கேட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், அழுகிறவர்களிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அவர் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். ஒண்ணுமில்லீங்க்கா. அவ்வளவுதான். நான் படித்த எந்தப் பாடமும் இவ்வளவு சின்னதாக இருந்ததில்லை. நான் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்து இன்னும் கொஞ்சம் தண்ணி அடித்தேன். தேவையே இல்லை, ஏற்கனவே தரையில் விரித்த பழைய பெட்ஷீட் வரைக்கும் சொட்டுகிறது, இருந்தாலும் அடித்தேன்.

கண்ணாடியைப் பாரு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாக்காதே. எங்கள் ஓனர் சாதிக் அண்ணன் முதல் நாள் எனக்குச் சொன்னது இதுதான், வேறு எதுவும் சொல்லித்தரவில்லை, மிச்சமெல்லாம் திட்டுத்தான். வெளியே வேடிக்கை பார்த்தால் கண் தூரத்துக்குப் போய்விடும், அப்புறம் பிலிமுக்கு அடியில் ஒரு முடி கிடந்தாலும் தெரியாது, ஒட்டி முடித்த பிறகு வீட்டுக்காரம்மா வந்து நகத்தால் தொட்டுக் காட்டும்போதுதான் தெரியும். எனக்கு இந்த வேலை பிடித்ததே அதனால்தான். பக்கத்தில் இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு தூசி, ஒரு நூல், காற்றுக் குமிழியின் ஓரத்தில் வெளிச்சம் வளைவது, எல்லாம். பத்தடிக்கு அப்பால்தான் எல்லாம் கரைந்துவிடும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எட்டாவதிலிருந்தே போர்டு எனக்குத் தெரியாது. பச்சைப் பலகையில் வெள்ளையாக எறும்பு ஊர்கிற மாதிரி ஏதோ இருக்கும். கணக்கு சார் எழுதி முடித்துவிட்டுத் திரும்பி "கடைசி பெஞ்ச், தெரியுதா?" என்பார். "தெரியுது சார்" என்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்வேன். ஒன்பதாவதில் கண் டாக்டர்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து, சுவரில் எழுத்து அட்டை மாட்டி, வரிசையில் நிற்க வைத்துப் படிக்கச் சொன்னார்கள். எனக்கு முன்னால் நின்ற பதினோரு பேர் படித்ததைக் கேட்டுக் கேட்டுக் கடைசி வரி வரைக்கும் மனப்பாடம் பண்ணிவிட்டேன், என் வாழ்க்கையில் நான் முழுசாக மனப்பாடம் பண்ணின ஒரே பாடம் அதுதான். அந்த டாக்டரம்மா என் முதுகில் தட்டி, கழுகுக் கண்ணுடா உனக்கு என்றார். ஏன் அப்படிச் செய்தேன்? கண்ணாடி போட்டால் சோடாபுட்டி என்பார்கள், அவ்வளவு கேவலமான காரணம்தான். பதினொன்றாவது பாதியில் நின்றுவிட்டேன். மண்டையில் ஏறவில்லை என்று வீட்டில் சொன்னேன், எல்லாரும் உடனே நம்பினார்கள், அதுதான் கொஞ்சம் வலித்தது. இப்போது இந்த அக்கா தெரியுதா தெரியுதா என்கிறார். தெரியுது என்று நாலு வருஷம் பொய் சொன்னவனிடம் வந்து, தெரியவில்லை என்று ஒரு தடவை பொய் சொல்லச் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் பொய்யா அது? அதுவே எனக்குத் தெரியவில்லை. அங்கே ஏதோ நீலமாக இருக்கிறது.

மேலிருந்து கீழே, நடுவிலிருந்து ஓரத்துக்கு. வைப்பர் கீச்சென்கிறது. நடுவில் ஒரு குமிழி. அதைத் தள்ளினால் அது இரண்டாகிறது. மதியம் ஒன்றரைக்கு நான் இந்த வீட்டு மணியை அடித்தபோது கதவைத் திறந்தவர் கனகராஜ் சார், அக்காவின் வீட்டுக்காரர். நான் உள்ளே வரும் முன் அவர் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார். நாலாவது மாடி, லிப்டுக்குப் பக்கத்தில் நின்று குசுகுசு என்று பேசினார். "தம்பி, உம் பேரென்ன? தரணியா? சரி தரணி, ஹாலு ஜன்னலு மட்டும்தான். மேக்கால பாத்தாப்பல ஆறு கண்ணாடி. ஆறும் ஒட்டிப்போடோணும், ஒரு இஞ்ச் வுடக் கூடாது." நான் ரோலைத் தோளில் வைத்துக்கொண்டு தலையாட்டினேன். அவர் விரலால் ரோலைத் தட்டிப் பார்த்தார். "இது அந்தக் கண்ணாடியாட்ட மின்னறதுதானே? எங்க ஆபீஸுக்கு எதிர்ல ஒரு பில்டிங் முச்சூடும் இதுதான். ரோட்டுல நின்னு பாத்தா ஒண்ணுந் தெரியாது, நம்ம மூஞ்சிதான் தெரியும். அதுதான் வேணும்னேன் உங்க ஓனர்கிட்ட. அவ பாக்கறது நிக்கோணும்." எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவர் இந்த பிலிமை எப்போதும் ரோட்டிலிருந்துதான் பார்த்திருக்கிறார். உள்ளே உட்கார்ந்து பார்த்ததே இல்லை. பகலில் வெளியே இருப்பவனுக்குத்தான் இது முகம் பார்க்கிற கண்ணாடி, உள்ளே இருப்பவனுக்கு ஒரு கூலிங்கிளாஸ், அவ்வளவுதான், கூச்சம் போய் எல்லாம் முன்னைவிடத் தெளிவாகத் தெரியும். "சார், இது வந்துங்க, உள்ளிருந்து பாத்தா" என்று ஆரம்பித்தேன். "ஓனர்கிட்டப் பேசியாச்சு தம்பி" என்று வெட்டிவிட்டார். பெரியவர்கள் இப்படி வெட்டினால் நான் இரண்டாவது தடவை சொல்ல மாட்டேன். திமிர் என்பார் எங்கள் அம்மா. திமிர்தான். சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் ரோலோடு என்னைத் திருப்பி அனுப்பியிருப்பார், நான் இந்நேரம் பஸ்ஸில் இருந்திருப்பேன்.

அப்புறம்தான் பையனைப் பற்றிச் சொன்னார். எதிர் பில்டிங்கை அவர் கையால் காட்டவில்லை, தாடையால் காட்டினார். இவர்கள் பில்டிங் பசங்க எல்லாரும் அங்கேதான் விளையாடுவார்களாம், சாயங்காலமானால் அங்கே நின்று அவன் கையை ஆட்டுவான், அக்கா இந்த ஜன்னலிலிருந்து ஆட்டுவார், அப்புறம்தான் பந்தே போடுவானாம். கைப்பிடிச் சுவரில் ஏறிப் பந்தை எடுக்கப் போய் விழுந்தான். அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதற்குப் பிறகு ஒரு மாதம் பேச்சே இல்லை. அப்புறம் ஒரு நாள் சாதாரணமாக, ஆதவ் வந்துட்டான், தொட்டிக்கிட்ட நிக்கறான் என்றாராம். "போன வெள்ளிக்கெழமை இவளே அங்க ஏறிப் போயிட்டா தம்பி. சொவத்துமேல ஒக்காந்திருந்தா. அந்த பில்டிங் வாட்ச்மேன் பாக்காம இருந்திருந்தா," என்று சொல்லி நிறுத்தினார். லிப்ட் வந்து திறந்து யாரும் ஏறாமல் மூடிக்கொண்டது. "உங்கிட்டக் கேப்பா. வர்றவங்க எல்லார்த்துகிட்டயும் கேப்பா. நாஞ் சொன்னா நம்பறதில்ல, டாக்டர் சொன்னாலும் நம்பறதில்ல. நாங்கெல்லாம் பேசி வெச்சுட்டுச் சொல்றோமாமா. நீ வெளியாளு. அவன் வயசுக்காரன். நீ சொன்னா நம்புவா. பாத்துட்டு, ஒண்ணுமில்லீங்க்கான்னு சொல்லிப்போடு. ஒரு தடவ சொன்னாப் போதும்." என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஈரமாக இருந்தது. என்னைத் தொட்டுப் பேசுகிற ஆட்களை எனக்குப் பிடிக்காது, ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "நாத்திரை தீந்துபோச்சு, வாங்கிட்டு நாலு மணிக்குள்ள வந்தர்றேன். வெளிய பூட்டிட்டுப் போறேன், தப்பா நெனைச்சுக்காதே." மாத்திரை என்பதை அவர் நாத்திரை என்றார், பதற்றத்தில் நாக்கு பிசகிவிட்டது, அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை உள்ளே விட்டு, வெளியே சாவி திரும்புகிற சத்தம். பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் வைத்துப் பூட்டியதில்லை.

பைத்தியக்கார வீடு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. வீடு பளிச்சென்று இருந்தது. அக்கா தலை சீவி, கண்ணுக்குக்கூட மை வைத்து, ஜன்னலுக்கு முன்னால் இருந்த சோபாவை நான் வருவதற்கு முன்னாலேயே நகர்த்தி வைத்திருந்தார். "ஸ்க்ரீனு கழட்டோணுமா கண்ணு? நானே கழட்டிட்டேன். ஸ்டூலு ஆடும், பாத்து ஏறு." முதல் கண்ணாடியைச் சுரண்டும்போதே பழைய பெயிண்ட் புள்ளி ஒன்றை எனக்கு முன்னால் அவர் பார்த்துவிட்டார். இந்த மாதிரி ஆட்களிடம்தான் வேலை செய்யப் பயம். ஒன்றரை மணிக்கு அந்த ஜன்னலில் வெறும் வெள்ளை. எதிர் மொட்டை மாடிக்குச் சூடு தாங்க வெள்ளைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், வெயில் அதில் பட்டு நேராக இங்கே அடிக்கிறது, பார்த்தால் கண்ணில் தண்ணி வருகிறது. தொட்டி, குழாய், கைப்பிடிச் சுவர் எதுவும் இல்லை, ஒரே எரிச்சல். நான் நிம்மதியாக ஒட்டினேன். ஒன்று. இரண்டு. இரண்டாவது முடிந்ததும் அக்கா நாற்காலியை அதற்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம், குளிர்ந்த தண்ணியில் கால் வைக்கிறவர்கள் இழுப்பார்களே, அந்த மாதிரி. "அட. இத்தன நாளு ஆறு மணிக்குத்தான் தெரிவான். வெயிலு எறங்குனா ஒரு பத்து நிமிசம், அப்பறம் இருட்டாயிரும். இப்பப் பட்டப்பகல்ல தெரியறானே. இது ரொம்ப நல்லாருக்குது கண்ணு. இந்தாளு இத்தன நல்ல சாமான எங்க கண்டுபுடிச்சாரு?" சார் என்ன நினைத்து வாங்கினார், நான் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறேன். அப்போதுதான் முதல் தடவை கேட்டார். "உனக்குத் தெரியுதா?" நான் பிளேடால் ஓரம் வெட்டிக்கொண்டிருந்தேன். கேட்காத மாதிரி வெட்டினேன்.

தாகம் எடுத்தது. கேட்காமலே தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். அண்ணாந்து பாதி குடித்த பிறகுதான் பாட்டிலைப் பார்த்தேன், பள்ளிக்கூடப் பாட்டில், நீல மூடி, பக்கத்தில் பெயர் ஒட்டுகிற சீட்டு, கே. ஆதவ், பத்து பி. பக்கத்தில் இருந்ததால் எழுத்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாயில் இருந்த தண்ணியை என்ன செய்வதென்று தெரியாமல் விழுங்கினேன். "நீ தூக்கிக் குடிக்கற. அவன் வாய வெச்சுத்தான் குடிப்பான், எத்தன சொன்னாலும் கேக்க மாட்டான்." பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி மூடியைத் திருகி மேஜையில் வைத்தார். பாதி தண்ணி அதில் ஆடி ஆடி அடங்கியது. செத்தவன் பாட்டிலில் குடித்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. தண்ணி தண்ணிதான். எனக்குப் பேய் நம்பிக்கையெல்லாம் கிடையாது, சுடுகாட்டுக்குப் பின்னால் இருக்கிற கிரவுண்டில்தான் நாங்கள் கிரிக்கெட் ஆடுவோம். ஆனால் அதற்குப் பிறகு கண்ணாடியை மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. நாலாவது கண்ணாடியில் பிலிமை வைத்து, நடுவில் வைப்பரை ஒரு இழுப்பு இழுத்ததும், தண்ணி விலகின அந்தப் பட்டையில் எதிர் மாடி தெரிந்தது. சுத்தமாகத் தெரிந்தது என்று சொல்ல மாட்டேன், என் கண் லட்சணம் எனக்குத் தெரியும். கறுப்பாக ஒரு உருண்டை, தொட்டி. வெள்ளையாக ஒரு கோடு, சுவர். தொட்டிக்கு வலது பக்கத்தில் நீலமாக ஒன்று. ஆள் உயரம். கொடியில் காய்கிற சட்டையாக இருக்கலாம். பெயிண்ட் டிரம் மேல் போட்ட தார்ப்பாயாக இருக்கலாம். இருக்கலாம் இருக்கலாம் என்று பத்து விஷயம் சொன்னேன் எனக்கு நானே. "இப்ப ஒக்காருவான்" என்றார் அக்கா பின்னாலிருந்து. "கால் வலிக்கும் அவனுக்கு, ரொம்ப நேரம் நிக்க மாட்டான்." நீலம் குட்டையானது. காற்று இல்லை. ஜன்னலுக்கு வெளியே கேபிள் ஒயர் ஒன்று தொங்குகிறது, அது ஒரு துளி அசையவில்லை, நான் பார்த்தேன், அதைத்தான் முதலில் பார்த்தேன். பாதி உயரத்துக்குக் குட்டையாகி அப்படியே நின்றது. "தெரியுதா கண்ணு?" இரண்டாவது தடவை. நான் "தண்ணி மாத்தணும்ங்க்கா" என்று பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினேன்.

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு சாதிக் அண்ணனுக்குப் போன் போட்டேன். "டேய் தரணி, கண்ணாடி ஒட்டப் போனியா, கண்ணாடி பாத்துத் தலை சீவப் போனியா? இன்னுமா முடியல?" நாலு முடிந்தது என்றேன். "நாலுக்கு ஒன்னரை மணி நேரமா? என் பொண்ணு நோட்டுக்கு அட்டை போடறது உன்னவிட வேகம்டா." அண்ணா, இவங்க பாக்கக் கூடாதுன்னுதான் சாருக்கு வேணுமாம், இதுல உள்ள இருந்து நல்லா தெரியும்ல என்றேன். லாரி ஹாரன் கேட்டது, உக்கடத்தில் கடைக்கு வெளியே நிற்கிறார் போல. "கேட்டது மிரர், கொடுத்தது மிரர். கஸ்டமர் சொல்றதுக்குச் சரிங்கன்னு சொல்லிட்டு ஒட்டிட்டு வா. தத்துவம் பேசாதே." கஸ்டமர் யார்ணா, என்று கேட்க வந்தேன். பூட்டிவிட்டுப் போனவரா, உள்ளே உட்கார்ந்திருப்பவரா. அதற்கு மேல் இன்னொன்றும் சொல்ல இருந்தது, எதிர் மாடியில் ஏதோ இருக்குதுண்ணா என்று. அதைச் சொன்னால் அவர் என்ன சொல்வார்? உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமாடா என்பார். அந்தக் கேள்வி மட்டும் எனக்கு வேண்டாம். வைத்துவிட்டேன். பக்கெட் நிரம்பி வழிந்து என் கால் நனைந்த பிறகுதான் குழாயை மூடினேன். ராத்திரி இந்த வீட்டில் லைட் போடுவார்கள், அப்போது இந்த பிலிம் அப்படியே மாறிவிடும், உள்ளே இருப்பவர்களுக்கு ஆறு பெரிய கண்ணாடி, வெளியே ஒன்றும் தெரியாது. சார் நினைத்தது ராத்திரிக்கு மட்டும் சரி. அக்கா ஆறு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், வெளிச்சம் இறங்க இறங்க எதிர் மாடிக்கு மேல் இவர் முகமே மெல்ல வந்து உட்காரும், தொட்டி இருந்த இடத்தில் ஒரு நெற்றி, மை வைத்த இரண்டு கண். இதை யோசிக்காமல் இருந்திருக்கலாம். ஐந்தாவது கண்ணாடியை நான் எப்படி ஒட்டினேன் என்றே ஞாபகம் இல்லை, ஓரத்தில் ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது, இங்கிருந்தே தெரிகிறது.

இப்போது ஆறாவது. தெரியுதா என்று மூன்றாவது தடவை கேட்டு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், ஒரு மணி நேரம் மாதிரி இருக்கிறது. சட்டையில் ஒட்டிய கீழ்ப்பாதியை உரித்து ஒரு கையில் தூக்கிப் பிடித்தேன். ஒட்டாத கீழ்ப்பகுதியில் இன்னும் வெயில் நேராக வருகிறது, அக்காவின் முழங்கால் மேல் சதுரமாக விழுகிறது, மற்றபடி ஹால் முழுக்கச் சாயங்கால நிறம், மூன்றரை மணிக்கே. அந்தச் சதுரத்தைப் பார்த்தபோதுதான் தோன்றியது. அந்தப் பக்கத்திலிருந்து நான் யோசிக்கவே இல்லை. எதிர் மாடியில் நின்று இந்த ஜன்னலைப் பார்த்தால் என்ன தெரியும்? காலையில் ஆறு கண்ணாடியிலும் இந்த வீடு தெரிந்திருக்கும், சோபா, நாற்காலி, நாற்காலியில் அம்மா. நான் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அங்கிருந்து பார்க்கிறவனுக்கு ஐந்தில் வானம்தான் தெரியும், வானமும் சூரியனும், ரோட்டில் நின்று பார்த்தால் நம்ம மூஞ்சிதான் தெரியும் என்று சார் சொன்ன மாதிரி. மிச்சம் இந்த ஒன்றுதான். அக்காவும் நாற்காலியை ஆறாவதுக்கு நேராகத்தான் போட்டிருக்கிறார், நான் சொல்லாமலே, ஏன் என்று கேட்கவில்லை. அங்கே யாரும் இல்லையென்றால் இதெல்லாம் வீண் யோசனை. யாரும் இல்லை. செத்தவன் எப்படி இருப்பான். கொடியில் சட்டை. அப்படியென்றால் என் கை ஏன் இழுக்கவில்லை? ஒரு கொடியில் தொங்குகிற சட்டைக்காக நான் வைப்பரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேனா? கை வலிக்கிறது. தண்ணி காய ஆரம்பித்துவிட்டது, மேல் மூலையில் பால் மாதிரி வெளுக்கிறது, இப்போது இழுக்காவிட்டால் அப்புறம் உரித்துத்தான் எடுக்க வேண்டும், உரித்தால் அந்தத் துண்டு குப்பைதான், ரோலில் மிச்சமில்லை. இழுத்தேன். வேலைதானே, அதற்குத்தான் வந்தேன். நடுவிலிருந்து வலது, நடுவிலிருந்து இடது, அப்புறம் கீழே, அழுத்தி. அக்காவின் முழங்காலில் இருந்த சதுரம் சின்னதாகி, கோடாகி, போய்விட்டது.

"ஏன் எந்திரிச்சுட்டான்?" என்றார் அக்கா. இந்தக் குரல் வேறு. இவ்வளவு நேரம் இல்லாத குரல். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. என் தோளுக்குப் பக்கத்தில் வந்து கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துவிட்டார், ஈரப் பிலிம் மேல், நகரும், வைக்காதீங்க்கா என்று சொல்ல வேண்டியது, சொல்லவில்லை. நான் பார்த்தேன். கண்ணைச் சுருக்கி, போர்டைப் பார்க்கிற மாதிரி, போர்டை அப்படிப் பார்த்திருந்தால் பன்னிரண்டாவது முடித்திருப்பேன். நீலம் உயரமாகிவிட்டது. தொட்டிக்குப் பக்கத்தில் இல்லை. வெள்ளைக் கோட்டுக்கு, சுவருக்கு வந்துவிட்டது. இந்தப் பக்கம் கொஞ்சம் போனது, அந்தப் பக்கம் கொஞ்சம் போனது, எதையோ தொலைத்தவர்கள் போவார்களே அப்படி. "தேடறான் பாரு. நா இங்கதானே இருக்கறேன். ஆதவ்! இங்கதான்டா இருக்கறேன்!" ஜன்னலைத் தட்டினார். தட்டத் தட்ட பிலிமுக்கு அடியில் குமிழிகள் ஓடின. கதவில் சாவி திரும்பியது. கனகராஜ் சார் மருந்துக் கவரோடு உள்ளே வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். விழுந்த நாற்காலி, தட்டுகிற கை, நான். அவருக்கு எல்லாம் புரிந்திருக்கும், பிலிம் தவிர. அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, என் முழங்கையைப் பிடித்தார், எலும்பு வரைக்கும் இறங்குகிற பிடி. "அவரு வேண்டாம். டாக்டரு வேண்டாம். நீ சொல்லு கண்ணு. நீ சொன்னாக் கேட்டுக்கறேன். இல்லீன்னா இல்லீன்னு சொல்லு, இந்த ஜன்னலுப் பக்கமே வர மாட்டேன். அங்க தெரியுதா, தெரியலியா?" சார் எனக்குப் பின்னால் கதவோரத்தில் நின்று தலையை ஆட்டினார், கண்ணாடியில் தெரிந்தது, மங்கலாக, எதிர் மாடிக்கு மேலாக அவர் தலை இடதும் வலதும் ஆடியது, கையைக்கூட கும்பிடுகிற மாதிரி வைத்துக்கொண்டார். சொல்லிவிட்டால் அக்கா உயிரோடு இருப்பார். சொல்லாவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை அந்த வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருக்கலாம். இவ்வளவும் எனக்குப் புரிகிறது, நான் முட்டாள் இல்லை, படிக்காதவன் அவ்வளவுதான். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் தூரப் பார்வை கிடையாதுங்க்கா, எட்டாவதிலிருந்தே கிடையாது, என்னிடம் போய்க் கேட்கிறீர்களே என்றாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கம், சுவருக்கு மேல், நீலத்திலிருந்து மெல்லிசாக ஒன்று எழும்பியது, நின்றது, இடமும் வலமுமாக ஆடியது. ஒண்ணுமில்லீங்க்கா என்று சார் சொல்லச் சொன்னார். ஒரு தடவை சொன்னால் போதும் என்றார். நான் சொல்லவில்லை.